வீவ் கம்பு: 10ஆவது கம்புல வெளிய ஓடுது, சாய்வா வந்தா என்ட்ரி தப்புது. எங்க கோளாறு?

கெடிலக்கரை:

வணக்கம். இடம் கடலூர் செம்மண்டலம், பயிற்சி நடக்கறது ஒரு காலி மனை, மணல் கலந்த தரை, மேல லேசா புல். நாய் சிப்பிப்பாறை கலப்பு, பொட்டை, 17 மாசம், தோள் உயரம் 54 செ.மீ., எடை 17 கிலோ. தாண்டுற பார், டனல் ரெண்டும் சுத்தமா பண்ணுது. வீவ் கம்புதான் (நாய்த் தடை ஓட்டத்துல, வரிசையா நட்ட கம்புக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போறது) இழுக்குது.

சேனல் முறைதான் போய்க்கிட்டிருக்கு. மொத்தம் 12 கம்பு. ஒத்தைப்படை கம்பு எல்லாம் இடது வரிசை, இரட்டைப்படை எல்லாம் வலது வரிசை. நடுவுல 60 செ.மீ. வழி விட்டு ஆரம்பிச்சு, நெருக்கி நெருக்கி இப்போ 10 செ.மீ. கம்புக்குக் கம்பு 50 செ.மீ., ஒரு பழைய வரைபடத்துல இருந்த அளவு. வழி 20 செ.மீ. இருந்த வரைக்கும் பறந்துச்சு. இப்போ மூணு சிக்கல்:

வேகம் பாதியாயிடுச்சு, ஒவ்வொரு கம்புலயும் தயங்குது. 10ஆவது கம்பு தாண்டினதும் இடது பக்கமா வெளிய வந்து நேரா ஓடிடுது. நான் ஓடறதும் இடது பக்கம்தான். நேரா அனுப்பினா என்ட்ரி (முதல் இடைவெளியில நுழையறது) சரி. இடது பக்கம் சாய்வா வெச்சு அனுப்பினா ரெண்டாவது இடைவெளியில நுழையுது, வலது பக்கத்துல இருந்து வந்தா முதல் இடைவெளியில சரியா நுழைஞ்சு அடுத்ததைத் தவற விடுது.

பரிசு: வேகவெச்ச கோழி ஈரல், முடிச்சதும் கையால குடுக்கறது. மழைக்காலத்துல மனையில தண்ணி நிக்கும். மொட்டை மாடியில 6 கம்பு வெச்சுப் பழக்கலாமா?

லாஸ்பேட்டை மைதானம்:

முதல்ல டேப்பை எடுங்க. 50 உங்க நாய்க்குப் பத்தாது. எஃப்.சி.ஐ. (நாய்ச் சங்கங்களோட சர்வதேசக் கூட்டமைப்பு) விதியில கம்புக்குக் கம்பு 60 செ.மீ., அமெரிக்க நாய்ச் சங்கமான ஏ.கே.சி.யில 24 அங்குலம், ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கம்பு உயரம் 1 முதல் 1.2 மீட்டர், தடிமன் 3 முதல் 5 செ.மீ. சிப்பிப்பாறைக்கு முதுகு நீளம். வழி 20 செ.மீ. திறந்திருக்கும்போது அது கிட்டத்தட்ட நேர்கோட்டுலதான் ஓடும், கம்பு நெருக்கம் அதுக்கு உறைக்காது. 15க்குக் கீழ வந்ததும் ஒவ்வொரு கம்புக்கும் முதுகை வளைச்சாகணும். 50ல அந்த வளைவு ரொம்பக் குறுகல். அதனாலதான் வேகம் பாதியாச்சு. சோம்பல்னு நினைச்சு அதட்டிடாதீங்க. அளவை 60க்கு மாத்துங்க (ஒரே வரிசைக்குள்ள 120 வரும்), வழியை மறுபடி 20க்குத் திறந்து அங்கிருந்து வாங்க. இந்தத் தடவை 20, 15, 12, 10, 8, 6, 4, 2, 0ன்னு இறக்குங்க. கடைசி 8 செ.மீ.தான் உண்மையான பாடம், அங்க அவசரம் கூடாது.

அடுத்து 10ஆவது கம்பு. எந்தப் பக்கமா வெளிய வருதுங்கறதுதான் முக்கியம், அதை நீங்களே எழுதிட்டீங்க. கணக்கு போட்டுப் பாருங்க: முதல் கம்பு நாயோட இடது தோள்பட்டை பக்கம் இருக்கணும், முதல் இடைவெளியை வலமிருந்து இடமா கடக்கணும். அப்போ 9க்கும் 10க்கும் நடுவுல போனதும் நாய் வரிசைக்கு இடது பக்கம் நிக்கும். அதே பக்கம் நீங்க. உங்க கையில ஈரல். இன்னும் ரெண்டு இடைவெளிதான் பாக்கி, அதை விட்டுட்டு ஈரலுக்கு வந்துடுது. நாய் தப்பா எண்ணலை, சம்பளம் எங்க கிடைக்குதோ அங்க வருது. இதுவே 11ஆவது கம்பு தாண்டி வலது பக்கமா வெளிய போச்சுன்னா காரணம் வேற: பெரும்பாலும் அடுத்த தடையைப் பார்த்துட்டு முன்கூட்டியே கிளம்பறது.

கையால குடுக்கறதை நிறுத்துங்க. 12ஆவது கம்பு தாண்டி அதே நேர்கோட்டுல 3 மீட்டர் தள்ளி, மூடி போட்ட ஒரு டப்பாவுல ஈரலை வைங்க. முடிச்சதும் நீங்க போய்த் திறந்து குடுக்கணும். மூடி எதுக்குன்னா, பாதியில வெளிய வந்து ஓடினாலும் தானா எடுத்துத் திங்க முடியக் கூடாது. பந்து ஓடிப் பிடிக்கற நாய்னா பந்து இன்னும் நல்லது, ஆனா வீசற நேரம் முக்கியம்: தலை 11க்கும் 12க்கும் நடுவுல வரும்போது, தரையோட தரையா, வரிசைக்கு நேரா முன்னால. ஒரு விநாடி முன்னாடி வீசினா கடைசிக் கம்பைத் தாண்டிக் குதிக்கும், பின்னாடி வீசினா திரும்பி உங்க மூஞ்சியைப் பார்க்கும்.

நீங்க ஓடறதும் மாறணும். பலரும் 10 வந்ததும் தன்னையறியாம நின்னுடுவாங்க, இல்ல தோளை நாய் பக்கம் திருப்புவாங்க. ரெண்டுமே 'வா'ன்னு கூப்பிடற மாதிரிதான். வரிசையில இருந்து ஒரு மீட்டர் தள்ளி, டப்பா வரைக்கும் நிக்காம ஓடுங்க. அது பழகினதும் ஒரு தடவை பின்தங்குங்க, ஒரு தடவை முந்துங்க, ஒரு தடவை பக்கவாட்டுல 3 மீட்டர் விலகுங்க.

வெளிய வந்துட்டா அதட்டல் வேண்டாம், 10ஆவது கம்புல பிடிச்சு மறுபடி நுழைக்கவும் வேண்டாம். அப்படி நுழைச்சா 'வெளிய வா, உள்ள போ, சோறு'ன்னு அதை ஒரே பாடமா படிச்சுக்கும். அமைதியா கூட்டிட்டு வந்து முதல்ல இருந்து. தொடர்ந்து ரெண்டு தடவை தப்பினா வழியை இன்னும் 5 செ.மீ. அகலமா திறந்துடுங்க.

பாகூர் ஏரி:

மேல சொன்ன அளவும் பரிசும் சரி. ஆனா என்ட்ரி சிக்கலுக்கு சேனலைத் திறந்து மூடறது மருந்தில்லை. சேனல்ல வாசல் எப்பவும் அகலமா இருக்கும். நாய் என்ட்ரியைத் தேட வேண்டிய அவசியமே வராது. வரிசை முழுசா மூடின அன்னிக்குத்தான் தேடற வேலையே ஆரம்பிக்கும். கனடாவின் சூசன் காரெட் பரப்பின 'டூ பை டூ' முறை இதைத் தலைகீழா செய்யுது: என்ட்ரி முதல் பாடம், நீளம் கடைசிப் பாடம்.

ரெண்டே ரெண்டு கம்பு எடுத்துக்குங்க, நடுவுல 60 செ.மீ. தரையில ஒரு கடிகாரம் வரைஞ்சதா நினைச்சுக்குங்க. நாய் 6 மணிப் பக்கம், பரிசு விழ வேண்டியது 12 மணிக்கு நேரா வெளிய. முதல் கம்பு 8 மணியில, ரெண்டாவது 2 மணியில. இப்போ அது பாதி திறந்த கதவு. கை காட்டாதீங்க, 'போ'ன்னும் சொல்லாதீங்க, சும்மா நில்லுங்க. தற்செயலா நடுவுல நுழைஞ்ச அந்த நொடியில பந்தை 12 மணிப் பக்கம் வீசுங்க. முதல் நாள் சில நாய் படுத்துக்கும், சில நாய் குரைக்கும், சில நாய் உங்க பாக்கெட்டை முகரும். பொறுக்க முடியாம நாம விரலை நீட்டறோமே, அங்கதான் முறை கெடுது. விரலைப் பார்த்து நுழைஞ்ச நாய்க்கு விரல்தான் பாடம், கம்பு பாடமில்லை.

10க்கு 8 தடவை தானா நுழைய ஆரம்பிச்சதும் கம்புகளை 7 மணிக்கும் 1 மணிக்கும் திருப்புங்க. அப்புறம் 6க்கும் 12க்கும், அதாவது முழு நேர்கோடு. ஒவ்வொரு நிலையிலயும் நாயை 6 மணியில இருந்து மட்டும் அனுப்பாம 5, 4, 3 மணியில இருந்தும், 7, 8, 9 மணியில இருந்தும் அனுப்புங்க. எந்தத் திசையில இருந்து வந்தாலும் முதல் கம்பு இடது தோளுக்கு வரணும்னு நாய் தானாவே வட்டமடிச்சு இடம் பிடிக்கறதைப் பார்க்கலாம்.

ரெண்டாவது ஜோடியை முதல் ஜோடிக்கு 3 மீட்டர் முன்னால, அதே கோட்டுல, மறுபடி 8-2 கோணத்துல திறந்து வைங்க. முதல் ஜோடியையும் அன்னிக்கு 7-1க்குத் திறந்துடுங்க. புதுசா ஒண்ணு சேரும்போது பழசைக் கொஞ்சம் இளக்கணும், இல்லைன்னா ரெண்டும் கெடும். தூரத்தை 3 மீட்டர்ல இருந்து 2, 1, கடைசியா 60 செ.மீ.க்குக் கொண்டு வந்து, அப்புறம் கோணத்தை நிமிர்த்துங்க. 4 கம்பு நேரானா 6 ஆகறது சுலபம். 12க்குப் போக, 6 கம்பு செட் ரெண்டை 3 மீட்டர் இடைவெளியில வெச்சு மெல்ல ஒட்டுங்க.

உங்க நாய்க்கு உடம்பு ஏற்கெனவே பழகியிருக்கறதால இது வேகமா போகும்.

வீராம்பட்டினம் காத்து:

மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். சிமெண்ட்ல நகம் பிடிக்காது. ஒவ்வொரு கம்புலயும் முன்னங்கால் பக்கவாட்டுல வழுக்கும், அந்த அடி முழுக்க மணிக்கட்டுக்கும் தோளுக்கும் போகும். வீவ் பண்ற நாய்க்கு முதல்ல தேயறதே தோள்தான். ரப்பர் பாய் விரிச்சாலும் ஜாயிண்ட்ல கால் மாட்டும், 6.6 மீட்டர் நீளத்துக்கு ஒரே பாய் கிடைக்காது. மாடியில செய்யலாம்னா ரெண்டு கம்பு வெச்சு நடை வேகத்துல என்ட்ரி மட்டும் பார்க்கலாம், ஓட்டம் கிடையாது.

கடற்கரை யோசனையும் சிலருக்கு வரும். தேவனாம்பட்டினமோ வீராம்பட்டினமோ, உதிரி மணல்ல கால் புதையும், ஒவ்வொரு உந்தலுக்கும் இரட்டிப்பு உழைப்பு, கம்பும் நிக்காது. அலை நனைச்சு இறுகின மணல் கெட்டியா இருக்கும்தான், ஆனா அது சரிவு. சரிவுல ஒரே தோள் மேல பாரம் ஏறும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் ஓட்டத்தைக் குறைச்சுட்டு, வீட்டுக்குள்ள பின்னங்கால் பயிற்சி பண்ணுங்க: கவிழ்த்த அகலப் பாத்திரம் மேல முன்னங்கால் வெச்சு பின்னங்காலால வட்டம் சுத்தறது, பின்னோக்கி நடக்கறது, உங்க காலுக்கு நடுவுல எட்டு போட்டுப் போறது. திருப்பத்துல வேகத்தை அடக்கறது பின்னங்கால் வேலை. அது வலுவானா மழை விட்டதும் கம்புல வித்தியாசம் தெரியும்.

வெயில் பத்தி யாரும் பேசலை. நம்ம கரையோரத்துல வெப்பத்தைவிடப் புழுக்கம் மோசம். நாய்க்குப் பாதத்துல மட்டும்தான் கொஞ்சம் வேர்க்கும், மூச்சிரைச்சுத்தான் சூட்டை வெளிய தள்ளணும். காத்துல ஈரம் நிறைஞ்சிருந்தா அதுவும் சரியா நடக்காது. மார்ச்ல இருந்தே காலை 7க்கு முன்னாடி முடிச்சுடுங்க. கத்திரி ஓடற மே 4 முதல் 28 வரைக்கும் சாயங்காலப் பயிற்சியே வேண்டாம், தரை ராத்திரி வரைக்கும் சுடும். புறங்கையைத் தரையில 5 விநாடி வெச்சா சுடக் கூடாது, அதான் அளவு. நாக்கு அகலமாகி நுனி மேல சுருண்டா நிறுத்துங்க. ஈறு அடர்சிவப்பாகி எச்சில் கெட்டியானா நிழல், உடம்பெல்லாம் தண்ணி, விசிறி, உடனே டாக்டர். குருமாம்பேட்ல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, புதுச்சேரிப் பக்கம் இருக்கறவங்க அந்த வழியைத் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது.

ஒரு வேளைக்கு முழு வரிசை 6, மிஞ்சினா 8 தடவை. வாரத்துல 4 நாள் போதும். நல்லா பண்ணுதேன்னு 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' போடற ஆசை வரும், அந்த ஒண்ணுலதான் தப்பும். தொடங்கும் முன்னாடி 5 நிமிஷம் நடை, ரெண்டு பக்கமும் பெரிய வட்டமா லேசான ஓட்டம். 17 மாசம் வயசு சரி. இதைப் படிக்கற மத்தவங்களுக்கு: எலும்பு வளர்ற குட்டிய நேர் வரிசையில வேகமா விடாதீங்க. 12 மாசத்துக்கு முன்னாடி வேண்டாம், லாப்ரடார் மாதிரி பெரிய இனம்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு இன்னும் தள்ளிப் போடுங்க. அதுவரைக்கும் அகலத் திறந்த ரெண்டு கம்பு போதும்.

புல்லுல ஓடின பிறகு விரல் இடுக்கு, காதுக்குப் பின்னாடி, கக்கம், மூணு இடத்துலயும் உண்ணி பாருங்க. நேத்து வரைக்கும் வேகமா ஓடின நாய் திடீர்னு மந்தமானா, பயிற்சியைக் குறை சொல்றதுக்கு முன்னாடி ஈறு வெளுத்திருக்கா, காய்ச்சல் இருக்கான்னு பார்த்துடணும். உண்ணிக் காய்ச்சல் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

கெடிலக்கரை:

எல்லாருக்கும் நன்றி. மாடி யோசனையைக் கைவிட்டாச்சு. அளவு 60க்கு மாறும், ஈரல் டப்பாவுக்குப் போகும். ரெண்டு கம்பு முறைக்கு அடித்தட்டு பட்டறையில என்ன சொல்லி செய்யறது? இப்போ இருக்கறது தரையில அடிச்ச கம்பி, மேல பி.வி.சி. பைப். மணல் தரையில ஆட்டம் குடுக்குது. ஒருத்தர் பெயிண்ட் டப்பாவுல சிமெண்ட் ஊத்தி வைக்கச் சொன்னாரு.

இன்னொண்ணு: சின்ன உருவ நாய்ங்க முன்னங்கால் ரெண்டையும் சேர்த்துக் குதிச்சுப் போகுது, என் நாய் ஒரு சமயம் அப்படி, ஒரு சமயம் கால் மாத்தி மாத்தி. திருத்தணுமா?

வில்லியனூர் வெல்டிங்:

பெயிண்ட் டப்பா வேண்டாம். விளிம்பு கால்ல இடிக்கும், டப்பா அகலத்துக்கு நாய் சுத்திப் போகப் பழகிடும்.

50க்கு 6 மி.மீ. பட்டை இரும்பு வாங்குங்க. 120 செ.மீ. துண்டா 6. ஒரு லென்த் 6 மீட்டர்ல 5 துண்டுதான் வரும், அதனால கடையில ஒரு லென்த்தும் கூட ஒரு துண்டும் கேளுங்க. ஒவ்வொரு துண்டுலயும் முனையில இருந்து 30 செ.மீ.ல ஒரு புள்ளி, 90ல ஒரு புள்ளி. நடுவுல 60 ஆச்சா, துண்டுகளை முனைக்கு முனை ஒட்டி வெச்சாலும் அடுத்த கம்பு சரியா 60லயே வரும். புள்ளிகள்ல முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப்பை 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டி நட்டமா வெல்டிங். 32 மி.மீ. பி.வி.சி. பைப் அது மேல தொப்பி மாதிரி இறங்கும். பைப்போட கிளாஸைப் பொறுத்து உள் அளவு மாறும், அதனால ஜி.ஐ. துண்டு ஒண்ணைக் கடைக்கே எடுத்துட்டுப் போய்ப் போட்டுப் பாருங்க. லேசான ஆட்டம் இருக்கட்டும், நாய் தோள் பட்டா கம்பு கொஞ்சம் குடுக்கணும். ரொம்ப லொடலொடன்னா இன்சுலேஷன் டேப் ரெண்டு சுத்து.

பி.வி.சி. 6 மீட்டர் லென்த் ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் 1 மீட்டரா 6. வெட்டின விளிம்பை அரத்தால தேய்ச்சு மேல எண்ட் கேப் போடுங்க. வெயில்ல கிடந்தா ரெண்டு கோடையில பைப் நொறுங்க ஆரம்பிக்கும், உடைஞ்ச முனை கத்தி மாதிரி. பயிற்சி முடிஞ்சதும் கழட்டி உள்ள வைங்க.

ஒரு துண்டு சுமார் 2.8 கிலோ, மொத்தம் 17 கிலோ. ஓட்டத்துக்கு எடை மட்டும் பத்தாது, முனையில துளை போட்டு 8 மி.மீ. கம்பிய வளைச்சு ஆணி மாதிரி இறக்கணும். செம்மண்ணுல 15 செ.மீ. போதும், உங்க கடலூர் மணலுக்கு 30 வைங்க. வெல்டிங் பிசிறைக் கிரைண்டர்ல எடுக்கச் சொல்லுங்க, கால் படற இடம். உப்புக் காத்துக்கு ரெட் ஆக்சைடு ரெண்டு கோட், அது மேல எனாமல்.

சாம்பல் பைப் வேண்டாம், வெள்ளை வாங்கி நீலம் இல்ல மஞ்சள் டேப் சுத்துங்க. பச்சைப் புல்லுல சிவப்பு டேப் நமக்குத்தான் பளிச்சுன்னு தெரியும், நாய்க் கண்ணுக்கு ரெண்டும் ஒரே மங்கல்.

லாஸ்பேட்டை மைதானம்:

கால் வைக்கற விதத்தைத் தொடாதீங்க. ஒரு இடைவெளிக்கு ஒரு முன்னங்கால், நீச்சல்ல கை மாத்தி வீசற மாதிரி போறது பெரிய நாய்க்கு வேகம். குட்டையான நாய்க்கு ரெண்டு காலும் சேர்ந்த குதி வசதி. மாறி மாறி வர்றது அளவு 50ல இருந்ததாலயே இருக்கலாம். 60ல 0 செ.மீ.க்கு வந்த பிறகு தானா ஒண்ணுல நிக்கும். அப்பவும் நடுவரிசையில கால் மாத்தினா தோள்ல வலி இருக்கான்னு பாருங்க.

பாகூர் நண்பர் சொன்ன முறை புதுசா தொடங்கற நாய்க்கு அருமை. ஆனா 10 செ.மீ. வரைக்கும் வந்த நாயை முழுக்க அங்க மாத்தறது தேவையில்லைன்னு நினைக்கறேன். வரிசை வேலை சேனல்ல தொடரட்டும், என்ட்ரி வேலை தனியா ரெண்டு கம்புல நடக்கட்டும், ஒரே நாள்ல ரெண்டையும் கலக்காதீங்க.

சாய்வு என்ட்ரியில இடமும் வலமும் வேற வேற நோய். இடது பக்கத்துல இருந்து வரும்போது முதல் இடைவெளி தெரியவே தெரியாது, முதல் கம்பைச் சுத்தி உள்ள வரணும். ஆனா ரெண்டாவது இடைவெளியை இடமிருந்து வலமாத்தான் கடக்கணும்கறதால அது வாசல் மாதிரி திறந்து கிடக்கும். நாய் அங்க நுழையறது இயல்பு. இதுக்கு 1ஆவது கம்புல இருந்து 3ஆவது கம்பு வரைக்கும், 2ஆவது கம்புக்கு இடது பக்கம் நாய் போக இடம் விட்டு வெளிய வளைச்சு, 40 செ.மீ. உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வலைத் துண்டைக் கட்டி மூடிடுங்க. நேருக்கு 15 டிகிரி விலகல்ல ஆரம்பிச்சு 15 15ஆ கூட்டுங்க. ஒவ்வொரு கோணத்துலயும் சரியா வந்ததும் வலையைக் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறக்கி எடுத்துடணும். வலையை மறந்து நிரந்தரமா விட்டா, வலை இல்லாத மைதானத்துல நாய்க்கு என்ட்ரியே இருக்காது.

வலது பக்கம் அப்படியில்லை. வாசல் நேரா தெரியுது, அதனால முழு வேகத்துல பாயும். உள்ள போனதும் உடனே வலது பக்கம் மடங்கணும், அந்த வேகத்துல முடியாம ரெண்டாவது இடைவெளியைத் தாண்டிடும். வலை உதவாது, வேகத்தை அடக்கத்தான் கத்துக்கணும். வாசலுக்கு 2 மீட்டர்ல இருந்து அனுப்ப ஆரம்பிச்சு, 3, 5ன்னு பின்னால போங்க. 5 மீட்டர்ல நின்னதும் வழியில ஒரு பார் வைங்க. வாசலுக்கு ரெண்டு எட்டு முன்னாடியே நாய் பின்பக்கத்தைத் தாழ்த்திக் குறுகுதான்னு கவனிங்க. குறுகினா உள்ள திரும்பிடும். குறுகலைன்னா தூரத்தைக் குறைங்க, வாயால 'மெல்ல மெல்ல'ன்னு சொல்றது பிரயோஜனப்படாது.

காலர், ஹார்னெஸ் எல்லாம் கழட்டிட்டு ஓட விடுங்க, கம்பு முனையில மாட்டும்.

பாகூர் ஏரி:

கலக்க வேண்டாம்கறது சரி. ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்கறேன்: என்ட்ரி நாள்ல கெடிலக்கரை எந்தப் பக்கம் நிக்கறாருங்கறதும் மாறணும். இதுவரைக்கும் இடது பக்கம் மட்டும்தானே. வலது பக்கம் நின்னு அனுப்பும்போது முதல் ரெண்டு மூணு நாள் எல்லாமே புதுசு மாதிரி தப்பும், கோணத்தை 7-1க்குத் திறந்துட்டு அங்கிருந்து எடுங்க.